மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும்

திருப்பூரில் முதல் நாள் காலையிலேயே டீக்கடையில் சண்டை பிடித்தேன். கடைக்காரர் நீட்டிய கண்ணாடித் தம்ளர் என் கட்டைவிரல் உயரம்தான் இருந்தது. எங்கள் ஊரில், அதாவது மலேசியாவில் கேமரன் மலையில், இந்த அளவில் இருமல் மருந்துதான் குடிப்போம். "இன்னும் ஊற்றுங்கள்" என்றேன். "குடிச்சு முடிங்க, ஊத்தறனுங்க" என்றார். "முடித்துவிட்டேன் ஐயா!" என்று தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். பக்கத்தில் நின்ற ஜாபர் பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தம்பி, இது திருப்பூர். இங்க எவனும் உக்காந்து ரசிச்சு டீ குடிக்கறதில்ல. வாயில ஊத்திக்கிட்டு மெஷினுக்கு ஓடணும்."

ஜாபர் பாய், எனக்காக அமர்த்தியிருந்த வேனின் ஓட்டுநர். அதற்கு முன் பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துண்டுத் துணியை வாங்கி விற்றவர். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். எந்தச் சந்தில் எந்தக் கம்பெனி எப்போது திறந்தது, ஏன் மூடியது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது. வேனில் இன்னும் பனியன் துணியின் வாடை போகவில்லை.

நான் வந்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையில் காய்கறித் தோட்டங்களுக்குத் தண்ணீரும் உரமும் தானாகத் திறந்து மூடுகிற பெட்டிகளைப் பொருத்துவதுதான் பதினைந்து வருடமாக என் பிழைப்பு. முதலாளியின் முன்னோர் அவிநாசிப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் முதலாளிக்குப் பூர்வீகத்தின் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. "அங்க இன்னும் மோட்டார் போடறதுக்கு ராத்திரி பகலா காவல் கெடக்கறாங்கப்பா. கொஞ்சம் தோட்டத்துல நம்ம பெட்டியை மாட்டிக் காட்டு. அப்புறம் ஊரே வாங்கும்" என்று என்னை அனுப்பி வைத்தார்.

பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். அதில் பதிந்து வைத்த எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தால் கிணற்று மோட்டார் ஓடும். இன்னொரு மிஸ்டு கால் வந்தால் நிற்கும். அந்த நாட்களில் இந்த ஊர் முழுக்க மிஸ்டு காலில்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பஸ் ஏறிவிட்டேன் என்றால் ஒரு ரிங், நீ கூப்பிடு என்றால் இரண்டு ரிங். காசு செலவில்லாமல் பேச்சை முடிக்கிறவர்கள். இவர்களுக்கென்றே செய்த பெட்டி என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அன்று மாலை நொய்யல் பாலத்தைக் கடந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆற்றில் ஓடியது கரும்பச்சைச் சாயத் தண்ணீர். "நேத்து செவப்பு. ஆர்டருக்குத் தகுந்த கலர்" என்றார் ஜாபர் பாய். எங்கள் மலையில் மழை வேண்டாம் வேண்டாமென்று கூடாரம் போட்டுத் தடுத்து விவசாயம் செய்கிறோம். இங்கே ஆறு ஓடியும் வாயில் வைக்கத் தண்ணீர் இல்லை. எனக்கு அந்த முதல் நாளே மனது சரியில்லாமல் போய்விட்டது.

மறுநாள் அவிநாசி தாண்டி உள்ளே போகிற ரோட்டில் ஒரு சின்ன ஊருக்குப் போனோம். ஊரின் பெயரை எழுத எனக்கு மனமில்லை. ஆற்றிலிருந்து தள்ளி இருப்பதால் சாயத் தண்ணீர் அங்கே வரவில்லை. கிணற்றில் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் பழனிச்சாமிக்கு நாற்பது வயது இருக்கும். அளந்துதான் பேசுவார். அவருடைய மனைவி சரசு, வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் பனியன்களை மேசையில் விரித்து ஓட்டை, கறை தேடுகிற வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும்.

கிணறு கூட்டுக் கிணறு. பழனிச்சாமிக்கும் அவருடைய தம்பி செல்வராசுவுக்கும் பொது. ஒருநாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. இருவருக்கும் பேச்சு நின்று ஒரு வருடமாகிவிட்டது. பக்கத்தில் ஷெட் போடப் பார்க்கும் ஒரு கம்பெனிக்காரர் நிலத்தை மொத்தமாகக் கேட்கிறார். தம்பி விற்றுவிடலாம் என்கிறார், அண்ணன் மாட்டேன் என்கிறார்.

"வித்துப்போட்டு நானும் பனியன் கம்பெனிக்கே போகோணுமுங்க. அங்க போயி எவனோ போடற பெல்லுக்கு ஓடறதுக்கு, இங்கயே கெடந்து சாகலாமுங்க" என்றார் பழனிச்சாமி.

அவருடைய சிக்கல் கரண்டுதான். மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் ஒரு நாளில் சில மணி நேரம்தான் வரும். அது வரும்வரை மோட்டார் ரூம் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் ஊருக்குள் இருக்கும் தறி ஷெட்டில் கிடைக்கிற வேலைக்கும் போக முடியவில்லை. பெட்டி வந்தால் சரசு டீ இடைவேளையில் கம்பெனியிலிருந்தே மிஸ்டு கால் கொடுப்பாள், மோட்டார் ஓடும், அவர் தறிக்குப் போகலாம். கரண்ட் இல்லாத நேரம் போன் போய்ச் சேராது, அடுத்த இடைவேளையில் மறுபடி கொடுத்துக்கொள்ளலாம். இரண்டு சம்பளம் வந்தால் நிலத்தை விற்காமல் ஓட்டிவிடலாம். வீட்டில் இருந்தது ஒரே செல்போன், அது சரசுவிடம். பெட்டியில் அந்த எண்ணைத்தான் பதிந்தேன்.

செல்வராசுவிடம் போனே கிடையாது. அவர் முறை நாளில் பெட்டியிலுள்ள பச்சைப் பட்டனை அமுக்கி ஓட்டிக்கொள்ளச் சொன்னேன்.

மோட்டார் ரூமில் பழைய மரப் பலகையில் பீங்கான் பீஸ் கட்டைகள் மூன்று இருந்தன. கரி பிடித்து, கம்பியைச் சுற்றிச் சுற்றி, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, புத்தம் புதிதாக ஒரு பிரேக்கர் சுவிட்ச் வைத்தேன். கரண்ட் ஏறி இறங்கினால் அதன் பிடி தானாகக் கீழே விழுந்து மோட்டாரைக் காப்பாற்றும். பழனிச்சாமி பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க சார், கெணத்துக்குள்ள எறங்கோணும்னா நாங்க அந்த மூணு கட்டையையும் புடுங்கி மடியில கட்டிக்கிட்டுத்தானுங்க எறங்குவோம். கட்டை நம்ம மடியில இருந்தா மேல எவன் வந்து என்ன பண்ணுனாலும் மோட்டார் ஓடாதுங்க. இப்ப எதைப் புடுங்கறதுங்க?"

"எதையும் பிடுங்க வேண்டாங்க. இந்தப் பிடியைக் கீழே தள்ளிவிட்டால் போதும். மோட்டாருக்குக் கரண்ட் போகாது."

"செரிங்க" என்றார். வெளிநாட்டிலிருந்து வந்த படித்தவன் சொல்கிறேன், அதற்கு மேல் எப்படிக் கேட்பார்? நானும் அவர் கேட்டதைக் காதில் வாங்கினேனே ஒழிய மண்டையில் வாங்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சரசு சோறும் கொள்ளுப் பருப்பும் போட்டாள். மேலே நெய். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க சார், மலையேறி வந்தவரு" என்று தட்டில் கொட்டிக்கொண்டே இருந்தாள். மலையிலிருந்து இறங்கி வந்தவன் என்று திருத்தினேன். சிரித்தாள். சாப்பிட்டதும் செல்போனைக் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டாம் எண் பட்டனை அழுத்திப் பிடித்தால் பெட்டிக்குப் போகும்படி வைத்துக் கொடுத்தேன். அவள் அழுத்தினாள். வயலில் சொட்டுக்குழாயின் வாயிலெல்லாம் தண்ணீர் துளிர்த்தது. "அய்யோ, ஓடுதுங்கோ!" என்று கத்திக்கொண்டு வெங்காயப் பாத்திக்குள் ஓடினாள். பழனிச்சாமி பல் தெரியச் சிரித்ததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அடுத்த நான்கைந்து நாட்கள் வேறு தோட்டங்களுக்கு அலைந்தேன். வெயில் என்னை உரித்து எடுத்தது. வெளியே சாப்பிட்ட பரோட்டா வயிற்றைக் கலக்கிவிட்டது. ஜாபர் பாய் மோரில் வெந்தயத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "பனியன் வாங்க இங்க வர்ற வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் முதல் வாரம் இப்படித்தான்" என்று ஆறுதல் சொன்னார். நான் பெட்டி மாட்ட வந்தவனா, பாத்ரூமைத் தேட வந்தவனா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

இதற்கிடையில் பழனிச்சாமி தோட்டத்துப் பிரேக்கர் அடிக்கடி விழத் தொடங்கியது. கரண்ட் நிலையில்லை. ஒருநாள் சரசு மிஸ்டு கால் கொடுத்தும் மோட்டார் ஓடவில்லை. பிடி கீழே விழுந்து கிடந்திருக்கிறது. செல்வராசு அந்த வழியாகப் போனவர், பார்த்தும் தொடாமல் போய்விட்டார். சாயங்காலம் வந்த சரசு, "பாத்துப்போட்டும் போறீங்களே, ஒரு கை தூக்கி உட்டா தேஞ்சா போயிருவீங்க?" என்று வரப்பில் நின்று கொழுந்தனாரைப் பிடிபிடியென்று பிடித்திருக்கிறாள்.

பஞ்சாயத்து என்னிடம் வந்தது. இரண்டு வீட்டாரையும் மோட்டார் ரூமுக்கு வரவழைத்தேன். வாத்தியார் மாதிரி நின்று, "யார் முறையாக இருந்தாலும் பரவாயில்லை. இந்தப் பிடி கீழே விழுந்து கிடப்பதை யார் பார்த்தாலும் மேலே தூக்கி விட்டுவிடுங்கள். மோட்டார் தானாக ஓடிவிடாது, பயப்படாதீர்கள். போன் வந்தாலோ பட்டனை அமுக்கினாலோதான் ஓடும்" என்றேன். செல்வராசு தலையாட்டினார். "செரிங்க, இனி தூக்கி உட்டர்றனுங்க" என்றார். அண்ணனும் தம்பியும் ஒரே அறையில் நின்றது ஒரு வருடத்தில் அதுதான் முதல் தடவை என்று ஜாபர் பாய் சொன்னார். எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வாரம் தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் குழாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருந்தேன். ஜாபர் பாயின் போன் அடித்தது. பேசியவர் முகம் மாறிவிட்டது. "தம்பி, பழனிச்சாமிக்குக் கை போயிடுச்சாம். மோட்டார்ல மாட்டிக்கிட்டாராம்."

வேனை விரட்டினோம். பாதி வழியில் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. ஜாபர் பாய் நடுரோட்டில் நின்று தன்னைத்தானே திட்டித் தீர்த்தார். வேனை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறினோம். முன்னால் நின்ற வடக்கத்திப் பையன் ஒருவன் போனில் இந்தியில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தான். என்ன பேசுகிறான் என்று பாயைக் கேட்டேன், மனதை வேறெங்காவது திருப்ப வேண்டியிருந்தது. "'எல்லாம் நல்லா இருக்கு. சோறு மட்டும்தான் எறங்கல. நீ அழுதா நான் போனை வெச்சுருவேன்'னு அம்மாகிட்டச் சொல்றான்" என்றார் பாய்.

திருப்பூர் அரசு ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று காலை சரசு வேலைக்குப் போன பிறகு, பம்ப் தண்ணீர் சரியாக இழுக்கவில்லை என்று பழனிச்சாமி தறிக்குப் போகாமல் நின்றிருக்கிறார். கிணற்றின் பாதி ஆழத்தில் ஒரு மேடைமேல் பம்பும் மோட்டாரும் இருக்கும். பிரேக்கர் பிடியைக் கீழே தள்ளிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். மேலே செல்வராசு வந்தார். பிடி விழுந்து கிடந்ததைப் பார்த்தார். தூக்கிவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து மோட்டார் ஓடியது. மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற இடத்தில் பழனிச்சாமியின் வலது கை இருந்தது.

அலறலைக் கேட்டு ஓடிவந்து பிடியை இறக்கியதும் செல்வராசுதான். கிணற்றில் இறங்கி அண்ணனைத் தோளில் போட்டு மேலே தூக்கி வந்ததும் அவர்தான். சட்டையெல்லாம் ரத்தத்தோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "நான்தானுங்க சுவிட்சத் தூக்கி உட்டேன், நான்தானுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். கம்பெனியிலிருந்து ஓடிவந்த சரசு அதைக் கேட்டாள்.

"நெலத்த விக்க உடலைன்னு என்ற ஊட்டுக்காரரு கையவே வாங்கிப்போட்டான்! பட்டன அமுக்கி உட்டுட்டு இப்ப அழுகறானே, பாவி!"

நிலத் தகராறு ஊருக்கே தெரியும். போலீஸ் வந்தது. சாயங்காலம் செல்வராசுவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பழனிச்சாமிக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. யார் யார் என்ன செய்தார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பழனிச்சாமி நான் சொன்னபடி பிடியை இறக்கினார். தம்பி நான் சொன்னபடி பிடியைத் தூக்கினார். மூன்று பீஸ் கட்டைகளும் அவர் மடியில் இருந்திருந்தால் எவன் வந்து எதைத் தொட்டிருந்தாலும் அந்தக் கை இன்று கையாக இருக்கும். அவ்வளவு தெளிவாக அந்த மனிதர் கேட்டாரே! காது கொடுத்துக் கேட்டிருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்?

காலையில் வெள்ளென எழுந்து தோட்டத்துக்குப் போனேன். பெட்டியின் சின்னத் திரையில், மோட்டார் எப்போது எதனால் ஓடியது என்பது பதிவாகியிருக்கும். நான் பயந்ததே அதில் இருந்தது. நேற்றுக் காலை பத்து ஐம்பத்து மூன்று. பட்டன் இல்லை, மிஸ்டு கால். சரசுவின் எண். அவளுக்கு அது டீ நேரம். புருஷன் தறியில் இருக்கிறார் என்று நினைத்து, தங்கள் முறை நாளில் எப்போதும் கொடுப்பதுபோல் கொடுத்திருக்கிறாள். மோட்டார் ரூம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

செல்வராசு பட்டனை அமுக்கவில்லை என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி அந்தத் திரைதான். அதைக் காட்டினால் தம்பி வெளியே வருவார். காட்டினால், கையை வாங்கியது தன் போன்தான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சரசு இட்லி வாங்கக் கீழே போயிருந்தாள். பழனிச்சாமி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தார். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் அவரே கேட்டார்.

"பெட்டியப் பாத்தீங்களா சார்?"

தலையாட்டினேன்.

"இவ அடிச்சதுதானுங்களே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மோட்டார் ஓடறப்ப தம்பி தூரத்துல எருமையத் திட்டிக்கிட்டிருந்தானுங்க. உள்ளார எனக்குக் கேட்டுது. அவன் மோட்டார் ரூமுல இல்லீங்க. அப்பறம் போன் பண்றது இவ ஒருத்திதானுங்களே." மூச்சு வாங்கினார். "சொல்லிராதீங்க சார். அவன் என்ற தம்பி. நாலு நாள் உள்ள இருப்பான். நான் கேஸ் வேண்டாம்னு சொல்லி வெளிய கொண்டாந்துருவேன். இவ அப்படியில்லீங்க. தெரிஞ்சா இவளே போயி அந்தக் கெணத்துல விழுந்துருவா."

"தம்பி பாவம் இல்லையா?"

"பாவந்தானுங்க" என்றார். கண்ணோரம் வழிந்ததைத் துடைக்க வலது கையைத் தூக்கப் பார்த்தார். நான் துடைத்துவிட்டேன். சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

டயர் மாற்றிக் கொண்டுவந்திருந்த வேனில் ஏறி ஜாபர் பாயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "வேண்டாம்னு சொன்னா விட்டுருவாங்களா பாய்?" என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "கொலை முயற்சின்னு எழுதிட்டா லேசுல தீராது தம்பி. வருசக்கணக்கா கோர்ட்டுக்கு நடக்கணும். செல்வராசு பாதி நெலத்த வித்து வக்கீலுக்குக் குடுக்க வேண்டியதுதான்."

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் செல்வராசுவின் மனைவி, கைக்குழந்தையோடு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு என்னைக் கொன்றுவிட்டது. ஜன்னல் வழியாக செல்வராசு தெரிந்தார். அண்ணனின் ரத்தம் காய்ந்த அதே சட்டையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர். என் மலேசியத் தமிழைக் கேட்டதும் நாற்காலி போடச் சொன்னார். "சுவிட்சைத் தூக்கினா மட்டும் ஓடாது, பட்டன் அமுக்கணும்னு ஊர்க்காரங்க சொல்றாங்க. அப்படித்தானே சார்?"

"இல்லைங்க சார்" என்றேன். "பெட்டியில் கோளாறு. பிடியைத் தூக்கி வைத்திருந்தால் தானாகவே மோட்டார் ஓடிவிட வாய்ப்பு உண்டு. பிடியைத் தூக்கிவிடச் சொன்னதும் நான்தான், எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். பழைய பீஸ் கட்டையைக் கழற்றியதும் நான்தான். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை."

கோளாறு என்றது பொய். மற்றதெல்லாம் உண்மை. வாழ்க்கையில் இவ்வளவு கூசாமல் நான் பொய் சொன்னதில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்கள். கூப்பிடும்போது வர வேண்டும் என்றார்கள். அதற்கு முன்பே, ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் தோட்டத்தில் இறங்கி, பெட்டியைத் திறந்து பதிவை அழித்துவிட்டிருந்தேன்.

மறுநாள் செல்வராசுவை விட்டுவிட்டார்கள். அவர் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணனின் கால்மாட்டில் உட்கார்ந்தார் என்று ஜாபர் பாய் சொன்னார். சரசு வாசலில் நின்றிருக்கிறாள்.

முதலாளி போனில் கத்தினார். "கோளாறுன்னு எழுதியா குடுத்தே? என் பேரைக் கெடுக்கவா உன்னை அனுப்பினேன்? எல்லாத் தோட்டத்திலேருந்தும் கழட்டிக்கிட்டுக் கிளம்பு. இங்க வந்து என் மூஞ்சியில முழிக்காதே." ஆஸ்பத்திரிச் செலவையாவது கொடுங்கள் என்றேன். லைன் துண்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அதற்கப்புறம் வந்த நாட்களில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெட்டிகளைக் கழற்றினேன். எந்தத் தோட்டக்காரரும் ஏன் என்று கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டார். கதவைச் சாத்தியவர்தான் எனக்கு ஏற்றவராகப் பட்டது.

கிளம்புவதற்கு முதல் நாள் பழனிச்சாமியைப் பார்க்கப் போனேன். என்னிடம் இருந்த பணத்தில் டிக்கெட்டுக்குப் போக மிச்சத்தைத் தலையணைக்கடியில் வைத்தேன். அவர் பார்த்தும் பாராத மாதிரி இருந்தார். நிலத்தைப் பற்றிக் கேட்டேன். "குடுத்தர்லாம்னு சொல்லிட்டனுங்க" என்றார். "ஒத்தக் கையில என்ன பண்றதுங்க."

சரசுவுக்கு அன்று மத்தியானம் கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது. இதற்கு மேல் லீவு போட்டால் ஆளை மாற்றிவிடுவார்களாம். வேலம்பாளையம் வரை எங்கள் வேனில் வரட்டுமா என்று கேட்டாள். பின்சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கம்பெனி கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வேனை நிறுத்திவிட்டு, ஜாபர் பாய் வெற்றிலை வாங்க இறங்கினார். அவள் இறங்கவில்லை.

"சார், மோட்டார் தானா ஓடுச்சுன்னு எழுதிக் குடுத்தீங்களாமா?"

"ஆமாம்மா. பெட்டியில் கோளாறு."

"அது தானா ஓடலீங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"டீ டைமுல நான் அடிச்சது போய்ச் சேந்துதுங்க. அடிச்சுப்போட்டு பன்னத் தின்னுட்டு மறுக்கா டேபிளுக்குப் போயிட்டேன். கை போச்சுன்னு ஆளு வந்து சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "கொழுந்தனாரு அழுதுக்கிட்டே சொன்னாருங்களா, டக்குனு அவரு மேல போட்டுட்டேன். பயந்துட்டனுங்க சார். என்ற ஊட்டுக்காரரு மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்குத் தெகிரியம் வரல."

அந்தப் பெண்மேல் ஆத்திரமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. வேப்பமரத்தடியில் நின்ற அந்தக் கைக்குழந்தைக்காரி நினைவுக்கு வந்தாள். உன் புருஷனுக்கு எல்லாம் தெரியும் அம்மா, உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் தம்பியையே விட்டுக்கொடுத்தார் என்று வாய் வரை வந்துவிட்டது. அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அவருக்கு மட்டும் சொல்லிராதீங்க சார்" என்றாள். "அவருக்கு இப்ப நான்தானுங்க சோறு ஊட்டி உடறேன். தெரிஞ்சா என்ற கையில வாங்கித் திங்க மாட்டாருங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு இறங்கினாள். கேட்டில் காவல்காரரிடம் டோக்கனைக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.